எது முதலில்? கடுங்காயச் சிகிச்சையின் முதற்கட்ட வரிசை உருவான வரலாறு

பலத்த காயத்துடன் கேஷுவாலிட்டிக்குக் கொண்டுவரப்படும் ஒருவரை மருத்துவர் எந்த வரிசையில் பார்க்க வேண்டும்? இக்கேள்விக்கு இன்று எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஒரே விடை கற்பிக்கப்படுகிறது. மூச்சுப்பாதை திறந்திருக்கிறதா, மூச்சு சரியாக நடக்கிறதா, ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது, நினைவு எந்த நிலையில் இருக்கிறது, உடையைக் களைந்து பார்த்தால் வேறெங்கே காயம் என்று அது ஐந்து படிகளாக அமையும். ஏ, பி, சி, டி, இ என்ற எழுத்துகளால் அறியப்படும் இவ்வரிசையைப் பரப்பியது அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் ஏ.டி.எல்.எஸ். பயிற்சி. 2025இல் வெளிவந்த அதன் 11ஆம் பதிப்பு இந்த ஐந்துக்கும் முன்னால் 'எக்ஸ்' என்ற ஆறாவது எழுத்தைச் சேர்த்தது. உயிரைப் பறிக்கும் ரத்தப்போக்கு கண்ணுக்குத் தெரிந்தால், மற்ற எதையும் பார்க்குமுன் அதை நிறுத்த வேண்டும் என்பது அதன் பொருள்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது புதிய கண்டுபிடிப்பின் விளைவு போலத் தோன்றும். உண்மை வேறு. போர்முனை மருத்துவர்கள் கண்டு எழுதிவைத்ததை அமைதிக்கால மருத்துவம் மறந்தது. அடுத்த போரில் உயிர்களைக் கொடுத்து அதையே மீண்டும் கற்றது. நூறாண்டுக்கும் மேலாக இப்படி நடந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தில் வரிசை என்பது ஆட்களுக்கு இடையிலான வரிசையாகவே இருந்தது. 1790களில் பிரெஞ்சுப் படையின் மருத்துவ வண்டிகள் சண்டை ஓயும்வரை களத்துக்கு வெகு பின்னால் நிற்க வேண்டும் என்பது விதி. அறுவை மருத்துவர் டொமினிக் ஷான் லாரே இதை மாற்றினார். குதிரைகள் இழுக்கும் இலகுவான வண்டிகளைச் சண்டை நடக்கும்போதே களத்துக்குள் அனுப்பினார். பதவியோ படையோ பாராமல், ஆபத்தான காயம் பட்டவருக்கே முதலில் சிகிச்சை என்ற நெறியையும் வகுத்தார். ஒரே உடலுக்குள் எதை முதலில் கவனிப்பது என்ற கேள்வி அன்று எழவில்லை. கை கால்களை வெட்டி எடுப்பதைத் தவிர மருத்துவர் செய்யக்கூடியது மிகக் குறைவாக இருந்த காலம் அது.

அக்கேள்வி கூர்மை பெற்றது முதல் உலகப்போரில்தான். சிட்ரேட் கலந்தால் ரத்தம் உறையாமல் இருக்கும் என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. 1917இல் ஆஸ்வால்ட் ராபர்ட்சன் பிரான்ஸ் போர்முனையில் ரத்தத்தை முன்கூட்டியே எடுத்துப் பனிக்கட்டியில் சேமித்துக் காயம்பட்டவர்களுக்கு ஏற்றினார். அதே முனையில் பணியாற்றிய ஹார்வர்டு உடலியங்கியல் அறிஞர் வால்ட்டர் கேனன், தம் சகாக்களுடன் சேர்ந்து 1918இல் ஓர் எச்சரிக்கையை எழுதினார். உள்ளே கசியும் ரத்தக்குழாயை அறுவை மருத்துவர் கட்டி நிறுத்துவதற்கு முன்னால் நரம்பு வழியே திரவம் ஏற்றி ரத்த அழுத்தத்தை உயர்த்தினால், உடல் தானே உண்டாக்கிக்கொண்ட ரத்தக்கட்டி பெயர்ந்துவிடும், மிச்சமிருக்கும் ரத்தமும் வீணாகும் என்பது அதன் சாரம். இரண்டாம் உலகப்போரில் இத்தாலிய முனையில் பணியாற்றிய ஹென்றி பீச்சரும் ஏறத்தாழ இதையே சொன்னார்: அறுவைக்குக் காத்திருப்பவரின் மேல் ரத்த அழுத்தம் 85 அளவில் இருந்தால் போதும், அதை இயல்பு நிலைக்குக் கொண்டுவர முயல்வது நேரத்துக்கும் ரத்தத்துக்கும் கேடு.

இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்ட ஒன்று எப்படி மறக்கப்பட்டது? 1960களின் தொடக்கத்தில் டல்லாஸ் நகரின் டாம் ஷையர்ஸ் செய்த ஆய்வுகள், ரத்த ஓட்டம் குலைந்த அதிர்ச்சி நிலையில் உடல் ரத்தத்தை மட்டுமல்லாமல் திசுக்களுக்கு இடையிலுள்ள நீரையும் இழக்கிறது என்று காட்டின. ஆய்வில் குறையில்லை. அதை எடுத்தாண்ட விதத்தில்தான் அளவு மீறியது. வியட்நாம் போரில் காயம்பட்டவர்களுக்கு உப்புக்கரைசல் தாராளமாக ஏற்றப்பட்டது. சிறுநீரகச் செயலிழப்பு குறைந்தது. ஆனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் புதிய நோய் தலைகாட்டியது. வீரர்கள் சிகிச்சை பெற்ற ஊரின் பெயரால் அதை 'டா நாங் நுரையீரல்' என்றே அழைத்தார்கள். அதே போரில் ஏறத்தாழ 2,500 பேர் கை கால் காயங்களின் ரத்தப்போக்கால் மட்டுமே இறந்தார்கள் என்று பின்னர் கணக்கிடப்பட்டது. டூர்னிக்கெட் எனும் பட்டையை இறுக்கிக் கட்டியிருந்தால் தடுத்திருக்கக்கூடிய சாவுகள் அவை. கட்டினால் காலை இழக்க நேரிடும் என்ற அச்சத்தில் டூர்னிக்கெட்டைக் கடைசிப் புகலாகவே கற்பித்துவந்ததன் விலை அது.

போர்க்களத்துக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். 1966இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் வெளியிட்ட அறிக்கை, விபத்துக் காயத்தை நவீன சமூகம் புறக்கணித்த நோய் என்று வருணித்தது. அதற்கு முந்தைய ஓராண்டில் மட்டும் அந்நாட்டில் 1,07,000 பேர் விபத்துகளில் இறந்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் சேவைகளில் ஏறத்தாழ பாதியை நடத்தியவர்கள் சவ அடக்கம் செய்யும் நிறுவனத்தார். படுக்க வைத்துக் கொண்டுபோகத் தோதான வண்டி அவர்களிடம்தான் இருந்தது. பால்டிமோரில் ஆர். ஆடம்ஸ் கௌலி தனி அதிர்ச்சிச் சிகிச்சை மையம் அமைத்து, காயம்பட்ட முதல் ஒரு மணி நேரமே உயிரைத் தீர்மானிக்கிறது என்று ஓயாமல் வாதாடினார். அந்த 'பொன்னான ஒரு மணி நேரம்' என்பதற்கு உறுதியான தரவு எதுவும் இல்லை என்று 2001இல் வந்த ஆய்வு காட்டியது. என்றாலும் ஹெலிகாப்டர்களையும் சிறப்பு மையங்களையும் அரசுகளிடமிருந்து பெற்றுத் தந்தது அந்தத் தொடர்தான்.

வரிசை முழு வடிவம் பெற்றது நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒரு வயல்வெளியில். 1976 பிப்ரவரி 17 அன்று ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை மருத்துவர், மனைவியையும் நான்கு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு தாமே ஓட்டிவந்த சிறு விமானம் இருட்டில் தரையில் மோதியது. மனைவி அந்த இடத்திலேயே இறந்தார். மூன்று குழந்தைகளுக்குப் பலத்த காயம். தமக்கும் அடிபட்டிருந்த நிலையில் ஸ்டைனர் அங்கேயே குழந்தைகளைக் கவனித்தார்; பிறகு சாலைக்கு வந்து ஒரு காரை நிறுத்தி, பக்கத்துச் சிற்றூர் மருத்துவமனைக்குப் போனார். அவசரப் பிரிவின் கதவு பூட்டியிருந்தது. மருத்துவர்களை வீட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. வந்தவர்களில் ஒருவர், நினைவிழந்த குழந்தையைத் தோளிலும் முழங்காலிலும் கைகொடுத்துத் தூக்கி எக்ஸ்ரே எடுக்கக் கொண்டுபோனார். திரும்பி வந்து மண்டையோட்டில் முறிவு இல்லை என்றார். கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம், அதை அசைக்கக்கூடாது என்ற எண்ணமே அங்கு யாருக்கும் எழவில்லை. ஸ்டைனர் லிங்கன் நகரிலிருந்த சகாவைத் தொலைபேசியில் அழைத்துக் குழந்தைகளை அங்கே மாற்றினார். கையில் எதுவும் இல்லாமல் வயலில் தாம் கொடுத்த சிகிச்சை மருத்துவமனையில் கிடைத்ததைவிட மேலானதாக இருந்தால், குறை அமைப்பில்தான் இருக்கிறது, மாற வேண்டியது அதுதான் என்பது அவர் எட்டிய முடிவு.

அந்த மருத்துவர்கள் கவனமற்றவர்கள் என்று நான் கருதவில்லை. படித்த அறிவு அவர்களிடம் இருந்தது. எதிலிருந்து தொடங்குவது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. நோயாளியின் வரலாற்றைக் கேள், முழுமையாகப் பரிசோதி, நோயை முடிவுசெய், பிறகு மருந்து கொடு என்பதே மருத்துவக் கல்லூரி கற்பித்த முறை. ஸ்டைனரும் ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் பால் காலிகாட் உள்ளிட்ட லிங்கன் நகரத்துச் சகாக்களும் உருவாக்கி, 1978இல் நெப்ராஸ்காவின் ஆபர்னில் முதன்முதலாக நடத்திய பயிற்சி இம்முறையைத் தலைகீழாக்கியது. உயிருக்கு அதிக ஆபத்தானதை முதலில் சரிசெய். நோய் இன்னதென்று தெரியாவிட்டாலும் சிகிச்சையை நிறுத்தாதே. விரிவான வரலாறு பிறகு ஆகட்டும். மார்புக்கூட்டில் காற்று அடைபட்டு நுரையீரலும் இதயமும் நசுங்கும் ஒருவருக்கு எக்ஸ்ரே வரும்வரை காத்திருக்கக்கூடாது, உடனே ஊசி குத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும் என்பது இதிலிருந்து நேரடியாகக் கிடைக்கும் பாடம். 1980இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி இப்பயிற்சியை ஏற்று, ஏ.டி.எல்.எஸ். என நாடு முழுவதற்குமாக்கியது.

எழுத்துகளின் வரிசை முற்றிலும் புதிதன்று. உயிர்மீட்புக்கு ஏ, பி, சி என்ற வரிசையை 1950களிலேயே பீட்டர் சாஃபர் பரப்பியிருந்தார். மூச்சு நின்றுபோன ஒருவருக்கு அது மிகப் பொருத்தம். தொடை ரத்தக்குழாய் அறுந்தவருக்கோ, மூச்சுக்குழாயில் டியூப் போட்டு முடிக்குமுன் ரத்தம் வடிந்துவிடும். மூன்றாவது எழுத்துக்குள்ளும் ஷையர்ஸ் காலத்துப் பழக்கம் ஒட்டிக்கொண்டது: இரண்டு பெரிய ஊசிகளைப் போட்டு 2 லிட்டர் கரைசலை வேகமாக ஏற்று என்று பல பதிப்புகள் கற்பித்தன. அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய கேனனின் எச்சரிக்கைக்கு அதில் இடமில்லை.

அந்த எச்சரிக்கையை மீட்டெடுத்தவர்கள் ஹூஸ்டன் நகரத்து மருத்துவர்கள். உடற்பகுதியில் குத்துக்காயமோ குண்டுக்காயமோ பட்டு ரத்த அழுத்தம் தாழ்ந்த 598 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உடனடியாகவும் மற்றவர்களுக்கு அறுவை அரங்கை அடைந்த பிறகும் திரவம் ஏற்றினார்கள். 1994இல் வெளியான முடிவுப்படி, காத்திருந்த பிரிவில் 70 விழுக்காட்டினரும் உடனே ஏற்றிய பிரிவில் 62 விழுக்காட்டினரும் பிழைத்தார்கள். கரைசல் ரத்தத்தை நீர்க்கச் செய்கிறது, உடலைக் குளிரவைக்கிறது, உறையும் திறனைக் குலைக்கிறது என்பது அதற்குள் விளங்கத் தொடங்கியிருந்தது. அப்படியிருந்தும் ஏ.டி.எல்.எஸ். அந்த அளவை 1 லிட்டராகக் குறைத்து, ரத்தமே ஏற்றுவதை முன்னிறுத்த ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. பாடப்புத்தகத்தில் ஏறிவிட்ட பிழையைக் களைய இத்தனை காலம் ஆனது மன்னிக்கத்தக்கதாக எனக்குத் தோன்றவில்லை.

டூர்னிக்கெட்டை மீட்டது ஈராக் போர். பாக்தாத் ராணுவ மருத்துவமனையில் ஜான் கிராக் திரட்டிய தரவு 2009இல் வெளிவந்தது. அதிர்ச்சி நிலை வருமுன் பட்டை கட்டப்பட்டவர்களில் 90 விழுக்காட்டினர் பிழைத்தார்கள். அதிர்ச்சி வந்த பிறகு கட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர் மட்டுமே. பட்டை கட்டியதால் மட்டும் கால் இழந்தவர் ஒருவரும் இல்லை. பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர்கள் 2006லேயே ரத்தப்போக்கை வரிசையின் முதலிடத்தில் வைத்துவிட்டார்கள். ஜப்பானின் ஒகாமோட்டோ தம்பதியர் 1962இல் அறிமுகப்படுத்திய, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலமும் இதே காலத்தில் புது வாழ்வு பெற்றது. இந்திய மருத்துவமனைகளும் உள்பட 40 நாடுகளின் 274 மருத்துவமனைகளில் 20,211 பேரிடம் நடந்த கிராஷ்-2 ஆய்வு 2010இல் வெளிவந்தது. விலை மலிவான அம்மருந்து மரண விகிதத்தை 16லிருந்து 14.5 விழுக்காடாகக் குறைத்தது. மூன்று மணி நேரம் கடந்த பிறகு கொடுத்தால் பயனில்லை, தீங்கும் நேரலாம் என்று மறு ஆண்டுப் பகுப்பாய்வு காட்டியது. இத்தனைக்கும் பிறகுதான் 'எக்ஸ்' வந்தது.

வரிசை தெரிந்தால் மட்டும் உயிர் பிழைத்துவிடாது. ஏ.டி.எல்.எஸ். பயிற்சி மருத்துவர்களின் அறிவைக் கூட்டுகிறது, ஆனால் அதனால் சாவு குறைகிறது என்பதற்குக் கட்டுப்பாட்டு ஆய்வு எதுவும் இல்லை என்று காக்ரேன் மதிப்பாய்வு சொல்கிறது. நோயாளி உரிய நேரத்தில் கதவைத் தாண்டி உள்ளே வரவேண்டும். உள்ளே ரத்தமும் அறுவை அரங்கும் தயாராக இருக்கவேண்டும்.

இந்தியாவில் அந்தக் கதவே நெடுங்காலம் பெரும் சிக்கலாக இருந்தது. கார் மோதிய ஸ்கூட்டர்காரர் ஒருவரை அருகிலிருந்த மருத்துவமனை போலீஸ் கேஸ் என்று சொல்லி ஏற்க மறுத்து, 20 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள இன்னொன்றுக்கு அனுப்பியது. வழியிலேயே அவர் இறந்தார். அந்தச் செய்தியை முன்வைத்துப் பரமானந்த கட்டாரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்தது: உயிர் காப்பதே முதற்கடமை, சட்ட நடைமுறைகள் பிறகு, அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் என்ற வேறுபாடு இதில் இல்லை. தமிழ்நாட்டில் 2008இல் 108 ஆம்புலன்ஸ் சேவை வந்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்க வழிசெய்தது.

வரிசையின் புதிய முதல் எழுத்து மருத்துவமனைக்கு வெளியே, சாலையோரத்தில் நிற்பவரின் கையில் இருக்கிறது. பீறிடும் காயத்தின்மேல் சுத்தமான துணியை வைத்து இரு கைகளாலும் அழுத்துங்கள். ரத்தம் நின்றதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்திக்கொண்டே இருங்கள். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவின்படி, நல்லெண்ணத்துடன் உதவியவர்மீது வழக்கும் இல்லை, பெயர் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது.