2005: ஒன்பதாம் வகுப்பு நோட்டில் எழுதிய கணிப்புகள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

பரணில் இருந்த பழைய பாடக்குறிப்புகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போடலாம் என்று இறக்கினேன். நடுவில் ஒரு 40 பக்க நோட்டு. அட்டையில் என் கையெழுத்தில் "2005 ஃபார்முலா 1 – நம் கணிப்புகள்" என்று இருக்கிறது. உள்ளே அப்போதைய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 38 பேரின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று பதில்கள்.

பைல் நாட்டில் உட்கார்ந்துகொண்டு ஃபார்முலா 1 எதற்கு என்று கேட்பீர்கள். அன்றைக்கு ஆசிரியர் அறையிலும் கேட்டார்கள். காரணம் ஒன்றே ஒன்று, நரேன் கார்த்திகேயன். 2005 பிப்ரவரி 1 அன்று ஜோர்டான் அணி அவரைத் தன் ஓட்டுநராக அறிவித்தது. இந்தியாவில் இருந்து ஃபார்முலா 1 பந்தயத்துக்குப் போகும் முதல் ஆள், அதுவும் நம் கோயம்புத்தூர்க்காரர். அவருடைய அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் ராலி பந்தயங்களில் பெயர் எடுத்தவர். மகன் பதினைந்து வயதில் பிரான்சுக்குப் போய் ஓட்டக் கற்று, 1996இல் ஃபார்முலா ஆசியா பட்டம் வென்று, 2001இல் ஜாகுவார் அணியின் காரைச் சோதனைக்கு ஓட்டி, அதற்குப் பிறகும் நான்கு ஆண்டுகள் காத்திருந்துதான் அந்த இருக்கையைப் பிடித்தார். நாமக்கல்லில் இருந்து முதல் பஸ்ஸில் வரும் பேப்பரில் அவர் படம் வந்த அன்று, வகுப்பில் பாடம் நடக்கவில்லை.

பிள்ளைகளின் ஆர்வத்தைப் பார்த்து ஒரு போட்டி வைத்தேன். மூன்று கேள்விகள். சாம்பியன் யார்? ஃபெராரி எத்தனை பந்தயம் ஜெயிக்கும்? நரேன் ஒரு புள்ளியாவது எடுப்பாரா? மூன்றில் எதைச் சரியாகச் சொன்னாலும் ஒரு பேனா பரிசு.

எழுதுவதற்கு முன் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 2004இல் 18 பந்தயங்கள், அதில் ஃபெராரி ஜெயித்தது 15. ஷூமாக்கர் மட்டும் 13. அவருக்கு அது தொடர்ந்து ஐந்தாவது பட்டம், மொத்தத்தில் ஏழாவது. இதற்கு மேல் என்ன யோசிக்க இருக்கிறது? 31 பேர் ஷூமாக்கர் என்று எழுதினார்கள். ஐந்து பேர் ராய்க்கோனன், இரண்டு பேர் ஜென்சன் பட்டன். ஃபெராரி 12 பந்தயம் ஜெயிக்கும் என்று நானே முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஃபெர்னாண்டோ அலோன்சோ பெயரை ஒருவர்கூட எழுதவில்லை. கரும்பலகையில் அந்தப் பெயரை நான் எழுதினேனா என்பதே எனக்குச் சந்தேகம்.

மூன்றாவது கேள்விக்கும் கணக்குப் போட்டேன். மொத்தம் 10 அணிகள், 20 கார்கள். புள்ளி முதல் எட்டுப் பேருக்கு மட்டும். ஜோர்டானை விட மெதுவான அணி என்று சொல்ல மினார்டி ஒன்றுதான். "முன்னால் போகிற வண்டியில் பாதிக்கு மேல் வழியிலேயே படுத்துக்கொண்டால்தான் நரேனுக்குப் புள்ளி" என்று சொல்லிச் சிரித்தேன். வகுப்பும் சிரித்தது. 37 பேர் "எடுக்க மாட்டார்" என்று எழுதினார்கள். ஒரு பையன் மட்டும் "எடுப்பார்" என்று எழுதினான். அவன் பெயரை இங்கே போட மாட்டேன். அவன் அப்பா மலைக்கும் நாமக்கல்லுக்கும் குச்சிக்கிழங்கு லோடு ஓட்டுபவர், அது போதும்.

இப்போது நோட்டைப் புரட்டினால், கடைசிப் பக்கத்தில் நானே வெட்டி ஒட்டிய ஒரு பேப்பர் துணுக்கு இருக்கிறது. 2005க்கான புது விதிகள். இன்ஜின் இரண்டு பந்தயங்களுக்கு நிற்க வேண்டும். காற்றின் அழுத்தத்தைக் குறைக்க முன் இறக்கையை உயர்த்த வேண்டும். மூன்றாவது விதி: தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் சேர்த்து ஒரே செட் டயர்தான். பஞ்சரானாலோ சேதமானாலோ தவிர நடுவில் மாற்றக் கூடாது. அதற்கு முந்தைய ஆண்டு வரை பெட்ரோல் போட நிற்கும்போதெல்லாம் புது டயர் மாட்டிக்கொண்டு போனவர்கள் இனி 300 கிலோமீட்டரை ஒரே டயரில் ஓட வேண்டும்.

அதை வகுப்பில் வாசித்தும் காட்டினேன். பொது அறிவுத் துணுக்கு மாதிரி வாசித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிற ஊர் இது. லோடு வண்டி, ஜீப் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் அந்த வகுப்பிலேயே ஆறேழு பேர். புது டயரை முன்னால் போடு, ரீட்ரேடிங் செய்ததைப் பின்னால் போடு, மொட்டை டயரோடு ஐப்பசி மழையில் இறங்காதே என்பதையெல்லாம் கேட்டே வளர்ந்தவர்கள். அவர்களிடம் "இந்த ஒரு விதியால் என்ன மாறும்?" என்று நான் கேட்கவே இல்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பார்கள் என்று சொல்லவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அந்த ஆண்டு ஏழு அணிகள் மிச்சலின் டயர் போட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்டவை ஃபெராரி, ஜோர்டான், மினார்டி ஆகிய மூன்றுதான். மிச்சலினுக்குப் பந்தயத்துக்குப் பந்தயம் 14 கார்களில் இருந்து தகவல் கிடைத்தது. பிரிட்ஜ்ஸ்டோன் பெரும்பாலும் ஃபெராரி ஒன்றை வைத்தே டயரைத் திருத்த வேண்டியிருந்தது. டயரை மாற்றி மாற்றிப் போட்ட காலத்தில் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. ஒரே டயரில் முழுப் பந்தயம் என்றானதும் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது.

மார்ச் 6, மெல்போர்ன். ரெனோவின் ஃபிசிகெல்லா ஜெயித்தார். நரேன் 12ஆம் இடத்தில் புறப்பட்டு 15ஆவதாக முடித்தார். மலேசியாவில் 11ஆவது. மலேசியா, பஹ்ரைன், இமோலா என்று வரிசையாக மூன்றையும் அலோன்சோ அள்ளினார். இமோலாவில் கடைசிச் சுற்றுகளில் ஷூமாக்கர் அவர் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு துரத்தினார், தாண்ட முடியவில்லை. பட்டனை நம்பிய இரண்டு பிள்ளைகளின் கதை இன்னும் பரிதாபம். பெட்ரோல் டேங்க் விவகாரத்தில் அவருடைய பி.ஏ.ஆர். அணிக்கு இரண்டு பந்தயம் தடை. ஒன்பது பந்தயங்கள் முடிந்தபோதும் முந்தைய ஆண்டு இரண்டாம் இடம் பிடித்த அந்த அணியிடம் ஒரு புள்ளிகூட இல்லை.

டயர் விதி என்ன செய்யும் என்பதை எனக்குக் காட்டியது மே 29, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங். ராய்க்கோனன் முன்னால் போய்க்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை பிரேக்கை அழுத்தியதில் முன் டயர் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து, வண்டி முழுக்க அதிர ஆரம்பித்தது. முந்தைய ஆண்டாக இருந்தால் உள்ளே வந்து டயரை மாற்றிக்கொண்டு போயிருப்பார். இப்போது மாற்றினால் தண்டனை வருமோ என்ற பயம். அப்படியே ஓட்டினார். கடைசிச் சுற்றில் சஸ்பென்ஷன் முறிந்து சக்கரம் ஆட, வண்டி ஓடுபாதையை விட்டே வெளியே போனது. பின்னால் வந்த அலோன்சோ ஜெயித்தார்.

பிறகு ஜூன் 19. அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ். நமக்கு இரவு வெகுநேரம். ஞாயிறு என்பதால் நாமக்கல்லில் தம்பி வீட்டில் தங்கிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலேயே சரிவாக அமைந்த 13ஆம் வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் இடப்பக்கப் பின் டயர் போய், சுவரில் மோதியிருந்தார். அந்த வளைவில் முழு வேகத்தில் எங்கள் டயர் தாங்கும் என்று உறுதி தர முடியாது என மிச்சலினே சொல்லிவிட்டது. வேகத்தைக் குறைக்க அங்கே ஒரு தடுப்பு வளைவு வையுங்கள் என்று அணிகள் கேட்டன. விதிகளை நடத்தும் அமைப்பு மறுத்தது. 20 கார்களும் அணிவகுப்புச் சுற்றுக்குப் போயின. திரும்பி வரும்போது மிச்சலின் டயர் போட்ட 14 கார்களும் ஒன்றன் பின் ஒன்றாகக் கொட்டகைக்குள் திரும்பிவிட்டன. தொடக்கக் கோட்டில் நின்றவை ஆறே ஆறு. தம்பி மகன் "டிவி ரிப்பேரா பெரியப்பா?" என்று கேட்டான்.

காசு கொடுத்து வந்த கூட்டம் கூச்சல் போட்டது, பாட்டில்களை எறிந்தது. ஷூமாக்கர் முதல், பாரிக்கெல்லோ இரண்டாவது, ஜோர்டானின் மொன்டேரோ மூன்றாவது, நரேன் நான்காவது. அவருக்கு 5 புள்ளிகள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில், தூக்கமில்லாத கண்ணோடு மலையேறினேன். பிள்ளைகள் அப்போது பத்தாம் வகுப்புக்கு வந்திருந்தார்கள். பேப்பரைப் பார்த்துவிட்டு அந்தப் பையன் வாசலிலேயே நின்றான்.

"சார், நரேன் புள்ளி எடுத்துட்டாரு."

"அது பந்தயமாடா? ஆறு வண்டிதானே ஓடுச்சு."

"பதினாலு வண்டி டயர் நிக்கலன்னுதானே சார் ஓடல? இவரு டயர் நின்னுச்சு, ஓடுனாரு."

வகுப்பு என் முகத்தைப் பார்த்தது. "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். பேனா கொடுக்கவில்லை. நோட்டில் அவன் பதிலுக்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். அவனும் மறுபடி கேட்கவில்லை. கேட்கிற சுபாவம் இல்லாத பையன்.

அன்று அதை வெறும் அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தேன். பின்னால் படித்தபோது அவன் பேச்சில் பெரும்பங்கு சரி என்று புரிந்தது. இண்டியானாபோலிஸ் ஓடுபாதையின் மேற்பரப்பைப் புதிதாகச் சீவிக் கரடுமுரடாக்கியிருந்தார்கள். பிரிட்ஜ்ஸ்டோனின் சொந்த நிறுவனமான ஃபயர்ஸ்டோன் அதே ஊரில் வேறொரு பந்தயத்துக்கு டயர் கொடுத்து வந்ததால், அந்தப் பரப்பு டயரை என்ன செய்யும் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஆண்டு முழுக்க ஃபெராரியைப் பின்னுக்கு இழுத்த அதே டயர் அந்த ஒரு நாள் தாங்கியது. அதாவது ஷூமாக்கர் என்று எழுதிய 31 பேரைப் பொய்யாக்கியதும், அந்த ஒருவனை மெய்யாக்கியதும் ஒரே டயர். நான் கரும்பலகையில் போட்ட கணக்கில் டயர் என்ற சொல்லே இல்லை.

மீதிக் கதை சுருக்கம். அந்த ஆண்டு 19 பந்தயங்களில் ஃபெராரி ஜெயித்தது அந்த ஒன்று மட்டும்தான். நான் எழுதியது 12. அலோன்சோவும் ராய்க்கோனனும் ஆளுக்கு ஏழு ஜெயித்தார்கள். செப்டம்பர் 25 அன்று பிரேசிலில் அலோன்சோ பட்டத்தை உறுதி செய்தார். வயது 24. அதுவரை இருந்த சாம்பியன்களில் அவர்தான் இளையவர். கடைசிக் கணக்கு அலோன்சோ 133, ராய்க்கோனன் 112, ஷூமாக்கர் 62. டயர் மட்டுமே காரணம் என்று சாதிக்க மாட்டேன், ரெனோவும் மெக்லாரனும் நல்ல கார்கள். ஆனால் 2006இல் டயர் மாற்றலாம் என்று பழையபடி விதியைத் திருப்பியதும், ஃபெராரி ஒன்பது பந்தயம் ஜெயித்தது. 37 வயது ஷூமாக்கர் கடைசிப் பந்தயம் வரை பட்டத்துக்கு மோதினார். ஒரே ஆண்டில் கிழடாகிவிட்டார் என்று 2005இல் எழுதியவர்கள் அப்போது எங்கே போனார்களோ!

நரேனுக்கு அடுத்த ஆண்டு இருக்கை கிடைக்கவில்லை. வில்லியம்ஸ் அணிக்குச் சோதனை ஓட்டுநராகப் போனார். 2011இல் எச்.ஆர்.டி. அணியில் திரும்பி வந்து, டெல்லிக்குப் பக்கத்தில் நடந்த முதல் இந்தியப் பந்தயத்தில் ஓடினார். சென்னையில் இருந்து கருண் சந்தோக்கும் வந்தார். ஆனால் ஃபார்முலா 1இல் இந்தியர் ஒருவர் எடுத்த புள்ளி என்றால் இன்றுவரை அந்த 5 மட்டும்தான். ஆறு கார் பந்தயத்தில் வந்தது என்று அதைக் குறைத்துப் பேசுபவர்களை இப்போதும் பார்க்கிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படிப் பேசியவன்தான். 73 சுற்றுப் பந்தயத்தில் 72 சுற்றை முடித்து வண்டியைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தவருக்குக் கொடுத்த புள்ளி அது. ஓடாதவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.

அந்தப் பையன் இப்போது சொந்தமாக இரண்டு லோடு வண்டி வைத்திருக்கிறான். செம்மேட்டில் பார்த்தால் வண்டியை ஓரம் கட்டி இறங்கி வந்து பேசுவான். இதைப் படிப்பான் என்று தெரியும். தம்பி, நோட்டில் கேள்விக்குறியை அடித்து டிக் போட்டுவிட்டேன். பேனா வாங்கி மேசையில் வைத்திருக்கிறேன், மலைக்கு வரும்போது வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்.

ராய்க்கோனன் என்று எழுதிய ஐந்து பேரில் ஒருவருடைய பெயர் கரையான் அரித்துப் போய்விட்டது. "செ" என்று தொடங்குகிறது, கடைசி பெஞ்ச். யார் என்று தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.