கந்தும் கனாக் கூரைமுடியும்

சிற்பம் என்றதும் கல்லையும் செம்பையும் நினைப்பது நம்மிடையே வேரூன்றிய வழக்கமாகும். கல் நிலைக்கும், மரம் உக்கிப்போகும். எஞ்சிய சான்றுகளை மட்டும் கொண்டு எழுதப்படும் கலைவரலாறு, கற்கோயில் எழுப்ப வல்லவராயிருந்த வர்க்கங்களின் வரலாறாகவே அமைந்துவிடுகிறது. மரத்தில் தம் தெய்வங்களையும் முன்னோரையும் நிறுத்திய குடிகளின் வரலாற்றை, இலக்கியத்திலும் அத்தகைய மரபு நிலவும் பிற சமூகங்களிலும் தேடவேண்டியுள்ளது.

சான்றோர் செய்யுட்கள் பொதியிலில் நாட்டப்பெற்ற கந்து பற்றிப் பேசுகின்றன. தறி, தூண் என்னும் பொருளுடைய இச்சொல் தெய்வம் உறையும் இடத்தையும் குறித்தது. பட்டினப்பாலையில், போரிற் கவரப்பட்ட கொண்டி மகளிர் நீராடி, நிலம் மெழுகி, அந்தி விளக்கேற்றக் காண்கிறோம். ஆனால் கரிகாலனின் படையெடுப்பால் அழிந்த பகைவர் நாட்டை வருணிக்கும் பகுதியிலேயே இக்காட்சி இடம்பெறுகிறது. புறநானூற்று 52ஆம் பாடலிலும், கடவுள் கைவிட்ட கந்து பாழ்பட்ட நாட்டின் அடையாளமாகிறது. ஊர்மக்கள் கூடும் வாழ்வு சிதைந்தபோது தெய்வமும் தூணை நீங்கியது என்பதே புலவர் கண்ட உண்மை எனலாம்.

மணிமேகலையில், சுடுகாட்டை அடுத்த சக்கரவாளக் கோட்டத்துத் தூணில் கந்திற்பாவை காணப்படுகிறது. அதில் உறையும் துவதிகன் என்னும் தெய்வம் முற்பிறப்பையும் வருவதையும் உரைக்கிறது. பாவையை வகுத்தவன் மயன் என்கிறது காப்பியம். மனிதத் தச்சனின் கைத்திறன் தெய்வத்தச்சனின் பெயருக்குள் மறைந்துவிடுவது இங்கு மனங்கொளத்தக்கது.

கந்தின் இடத்தைப் பிற்காலத்தில் எது பெற்றது என்பதற்குக் கந்தளாய் ஒரு சான்றாகும். பெயரொலி ஒப்புமையைக் கொண்டு கந்துக்கும் கந்தளாய்க்கும் உறவு கற்பித்தல் ஆய்வு நெறியன்று. நாம் நோக்குவது சமூக மாற்றத்தையே. முதலாம் விஜயபாகு (1055–1110) காலத்தைச் சேர்ந்த பாலமோட்டைக் கல்வெட்டு, இவ்வூரை விஜயராஜச் சதுர்வேதிமங்கலம் எனவும், இங்கிருந்த கோயிலைத் தென்கயிலாசமான விஜயராஜ ஈஸ்வரம் எனவும் குறிக்கிறது. கொடையளித்தவர் ஒரு பிராமணப் பெண். அறத்தைக் காத்தவர் வேளைக்காரப் படையினர். பெருங்குளம், நெல்வயல், நிலவுடைமை, படைக்காவல் ஆகிய அடித்தளத்தின் மீதே கல்லிலமைந்த வழிபாடு நிலைபெற்றது. ஊரார் கூடிய பொதியிலின் இடத்தை அரசன் பெயர்தாங்கிய ஈஸ்வரம் பெற்றது.

இம்மாற்றத்தின் வழியே செல்லாத ஒரு சமூகத்தைப் பசிபிக் தீவான நியூ கலிடோனியாவிற் காணலாம். அங்குக் கனாக் மக்களின் வட்டவடிவப் பெருமனையில் நடுத்தூண் தலைவனையும், சுற்றியுள்ள தூண்கள் குலக்குழுக்களையும் சுட்டும். ஊப் என்னும் மரத்திற் செதுக்கிய கூரைமுடியில் தட்டையான மனித முகம் முன்னோரைக் குறிக்கும். அதன் நுனியில் சங்குகள் கோக்கப்படும். வாயில்நிலைகளில் மேலே முகமும், கீழே பாய்முடைந்தாற்போன்ற கோலமும் அமையும். இறந்தோரின் உடலைப் பொதிந்த பாயையே அக்கோலம் நினைவூட்டும் என்பர். வாயிலினூடாக உட்செல்பவர் முன்னோரைக் கடந்தே செல்லவேண்டும். வள்ளிக்கிழங்குத் தோட்டமும் குலத்தின் பெயரும் இம்மனையும் பிரிக்கவியலாத ஒன்றாகும்.

1853இல் பிரான்சு இத்தீவைக் கைப்பற்றியது. குடியேறியோரின் மாடுகள் கனாக் தோட்டங்களை அழித்தன, நிலம் பறிபோயிற்று. 1878இல் அத்தாய் என்னும் தலைவன் கிளர்ந்தெழுந்து கொல்லப்பட்டான். அவனது தலை பாரிஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 2014இலேயே உறவினரிடம் மீண்டது. முன்னோரின் முகத்தைச் செதுக்கிய மக்களின் தலைவனது தலையே காட்சிப்பொருளாயிற்று! 1887 முதல் 1946 வரை நிலவிய சுதேசியர் சட்டம் அவர்களை ஒதுக்கிடங்களில் அடைத்தது. கூரைமுடிகளோ ஐரோப்பிய நூதனசாலைகளில் 'பழங்கலை' எனப் பெயர்பெற்றன.

எனினும் கனாக் மக்கள் அதனைப் பழம்பொருளாக விட்டுவிடவில்லை. 1984இல் விடுதலை இயக்கம் ஏற்ற கொடியில் கூரைமுடியே பொறிக்கப்பட்டது. உக்கிப்போகும் மரம் அரசியற் குறியீடாக உயிர்பெற்றது.

பாழ்பட்ட பொதியிலைப் பாடிய புலவர் கந்தின் அழகைப் பற்றி வருந்தவில்லை. அதனைச் சூழ்ந்திருந்த மக்கள் வாழ்வின் அழிவையே சுட்டினர். சிற்பத்தை அதன் நிலத்திலிருந்தும், செதுக்கிய உழைப்பிலிருந்தும் பிரித்து அழகு பேசும் ஆய்வாளர் அப்புலவரிடமே பாடங்கேட்கவேண்டும்.