நீ, நீர், நீங்கள்: யாழ்ப்பாணப் பேச்சில் ஒரு சமூக வரலாறு

ஒரு சமூகத்தின் வரலாற்றைச் சாசனங்களிலும் ஏட்டுச் சுவடிகளிலும் தேடுவது நமது வழக்கம். ஆனால் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படாத வரலாறொன்று நாள்தோறும் நம் வாயிலே வழங்கி வருகிறது. எதிரில் நிற்பவரை நாம் ‘வா’ என்கிறோமா, ‘வாரும்’ என்கிறோமா, ‘வாங்கோ’ என்கிறோமா? அந்த ஒரு சொல்லில் அவருடைய வயது, உறவு, தொழில், கல்வி, சாதி, நாம் இருவரும் நிற்கும் இடம் ஆகிய அனைத்தும் அடங்கிவிடுகின்றன. யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழின் முன்னிலைச் சொற்கள் வந்த வழியே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

பழந்தமிழில் இச்சிக்கல் இல்லை. ‘நீ’ ஒருமை, ‘நீயிர்’, ‘நீர்’ என்பன பன்மை. சங்கப் புலவர்கள் முடிவேந்தர்களை ‘நீ’ என்றே விளித்தனர். அதனால் அரசனின் பெருமை குறைந்ததாக எவரும் கருதவில்லை. ஆயினும் ஒருவரைப் பன்மையாற் கூறி உயர்த்தும் பழக்கம் அக்காலத்திலேயே தலைகாட்டியிருந்தது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில் இதனைக் குறிப்பிடுகிறார். இவ்வாறு உயர்த்திக் கூறுதல் உலக வழக்கினால் வந்ததேயன்றி இலக்கண நெறியால் அமைந்ததன்று என்பது அவர் கருத்து. இக்கூற்றை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

பின்னர் ‘நீர்’ மெல்ல ஒருமைக்குரிய மரியாதைச் சொல்லாயிற்று. கண்ணொளி இழந்த சுந்தரர் திருவாரூரிற் பாடிய பதிகத்தில் இறைவனைப் பன்மையாலேயே முன்னிலைப்படுத்துகிறார். தோழனாக உரிமை கொண்டாடியவர் மனத்தாங்கலோடு நிற்கும்போது அம்மரியாதைப் பன்மை ஒருவகை விலகலாகவும் ஒலிக்கிறது. மரியாதை எப்பொழுதும் நெருக்கத்தின் அடையாளமன்று என்பதற்கு இது நல்ல சான்று. ‘நீர்’ ஒருவரைக் குறிக்கத் தொடங்கியதும் பலரைக் குறிக்க வேறொரு சொல் தேவைப்பட்டது. பன்மையின்மேல் மீண்டும் ‘கள்’ விகுதி ஏறி ‘நீங்கள்’ பிறந்தது. காலப்போக்கில் அதுவும் தனியொருவருக்கு உரிய உயர்ந்த மரியாதைச் சொல்லாயிற்று.

தமிழகத்தின் பெரும்பகுதியில் இன்று பேச்சில் எஞ்சியிருப்பவை ‘நீ’, ‘நீங்க’ என்னும் இரண்டே. யாழ்ப்பாணமோ நடுப்படியான ‘நீர்’ என்பதையும் கைவிடவில்லை. ‘நீ வா’, ‘நீர் வாரும்’, ‘நீங்கள் வாங்கோ’ என மூன்று படிகள் இங்கு உண்டு. ஒருவரின் கவனத்தை ஈர்க்கும் ‘இஞ்சை பார்’ என்ற தொடர்கூட ‘இஞ்சேர்’, ‘இஞ்சேரும்’, ‘இஞ்சேருங்கோ’ என மூன்றாக நிற்கிறது. ஆசிரியர் வளர்ந்த மாணவனை ‘நீர்’ என்பார். மாணவன் அவரை ‘நீங்கள்’ என்பான். கணவன் மனைவியை ‘நீர்’ என்பதும், மனைவி கணவனை ‘நீங்கள்’ என்பதும் படித்த குடும்பங்களில் நெடுங்காலம் நிலவிய வழக்கம். வயதில் மூத்தவருக்கு ‘நீங்கள்’ உரியதென்பது பொது விதி. எனினும் தாய்மார் தமது கைக்குழந்தையிடம் ‘வாங்கோ, சாப்பிடுங்கோ’ என்று கொஞ்சுவதையும் நாம் கேட்கிறோம். அங்கே மரியாதைச் சொல் அன்பின் மொழியாகிறது. பிள்ளைக்கு அதுவே முதற் பாடமுமாகிறது.

படர்க்கையிலும் இந்நுட்பம் உண்டு. யாழ்ப்பாணத்தில் ‘அவ’ என்பது ஒரு பெண்ணை மதித்துக் கூறும் சொல். தமிழகப் பேச்சிலோ ‘அவ’ என்பது ‘அவள்’ என்பதன் குறுக்கம். அதில் மரியாதை இல்லை. கடல் கடந்தால் ஒரே சொல் தலைகீழாகிவிடுகிறது. உறவுப் பெயர்களும் பேசுவோரின் அடையாளத்தை அறிவிக்கின்றன. முஸ்லிம் மக்களிடையே வழங்கும் வாப்பா, உம்மா, நானா, ராத்தா ஆகியன அத்தகையன. ஒரு தமிழர் முஸ்லிம் வர்த்தகரை ‘நானா’ என்று விளிக்கும்போது, மற்றவரின் உறவுச் சொல்லைக் கடன் வாங்கி மரியாதை செய்கிறார்.

இத்தகைய படிநிலை தமிழருக்கு மட்டும் உரியதன்று. 1660ஆம் ஆண்டு கொட்டியாரத்திற் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த ரொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியான தமது நூலில் சிங்கள மக்களின் பேச்சையும் விவரிக்கிறார். முன்னிலையாரைக் குறிக்க அவர்களிடம் ஏழெட்டுச் சொற்கள் உண்டென்றும், ஆளின் தகுதிக்கேற்ப அவை வழங்கப்பட்டன என்றும் அவர் எழுதினார்.

இதுவரை கூறியவற்றைக் கேட்போருக்கு, எத்துணை நாகரிகமான மொழி என்று பெருமை தோன்றலாம். அப்பெருமைக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. வயதுக்கு மரியாதை என்னும் விதி எல்லா வயோதிபருக்கும் பொருந்தியதா? இல்லை. யாழ்ப்பாணத்தில் வயதைச் சாதி வென்றது. ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த நரைத்த முதியவரை, உயர்சாதி எனப்பட்ட வீட்டுச் சிறுவன் பெயர் சொல்லி அழைத்து ‘நீ’ என்றான். அம்முதியவரோ அவ்வீட்டாரை ‘நயினார்’, ‘நாச்சியார்’ என்று விளிக்க வேண்டியிருந்தது. ‘அண்ணை’, ‘அப்பு’ என்னும் எளிய உறவுச் சொற்களும் அவருக்கு மறுக்கப்பட்டன. பெயரிலும் இவ்வேறுபாடு இருந்தது. ஒரே முருகனின் நாமம் ஒருவருக்குக் ‘கந்தன்’ என்றும் மற்றொருவருக்குக் ‘கந்தர்’, ‘கந்தையா’ என்றும் வழங்கிற்று. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமையில் அடிமைகள் பற்றிய விதிகளும் இடம்பெற்றன. 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. ஆனால் ஏவல் வினையின் விகுதியைச் சட்டம் தொடவில்லை.

எழுத்துலகம் இப்பேச்சை நெடுங்காலம் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. செந்தமிழே அரங்கேறத் தக்கது என்ற எண்ணம் வலுப்பெற்றிருந்த காலத்தில், பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் ‘நானாடகம்’ என்ற நூலை வெளியிட்டார். அதன் பாத்திரங்களை யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலேயே பேச வைத்தார். அந்நாடகங்களுள் ஒன்றின் பெயர் ‘உடையார் மிடுக்கு’ என்பது. மிடுக்கு என்பது உடையிலும் நடையிலும் மட்டும் இருப்பதன்று, வினைமுற்றிலும் இருப்பது. 1972இல் வெளிவந்த கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவல் அம்மிடுக்கின் கீழ் வாழ்ந்தோரின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டது. அதே பத்தாண்டில் மொழியியலாளர் பேராசிரியர் சுசீந்திரராசா, சாதிக்கும் யாழ்ப்பாணத் தமிழுக்கும் உள்ள தொடர்பை ஆய்வுக் கட்டுரைகளாக எழுதினார்.

சொல் தானாக மாறவில்லை, மனிதர் மாற்றினர். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாடசாலைகளிற் சமாசனம் கோரப்பட்டது. அதற்கு எதிர்ப்பும் கடுமையாக எழுந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1966இலும் அதனை அடுத்தும் தேநீர்க்கடைகளிலும் கோயில் வாசல்களிலும் போராட்டங்கள் நடந்தன. 1968இல் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டம் நாடறிந்த செய்தியாயிற்று. ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் உயர்ந்தனர். அவர்களை எப்படி விளிப்பது?

இங்கேதான் பேச்சுமொழியின் வியப்பான தந்திரம் ஒன்று வெளிப்பட்டது. ‘நீ’ என்று சொல்லத் துணிவில்லை. ‘நீங்கள்’ என்று சொல்ல மனமில்லை. ஆகவே முன்னிலையையே தவிர்த்தனர். ‘எங்கை போறது?’, ‘எப்ப வந்தது?’, ‘என்ன செய்யிறது?’ என்று ஆளற்ற வாக்கியங்கள் பேசினர். எழுவாய் இல்லாத இவ்வினாக்களை இலக்கண ஆசிரியர் குறையுடைய தொடர்கள் என்பார். வரலாற்றாசிரியருக்கோ இவை அரிய சான்றுகள். பழைய மிடுக்கு தளர்ந்ததையும் புதிய மதிப்பு இன்னும் வாயில் வராததையும் இவை ஒருங்கே காட்டுகின்றன. அந்தத் தயக்கத்தைக் கேட்டவருக்கு அதன் பொருள் நன்றாகவே விளங்கியிருக்கும்.

பின்னர் போர் வந்தது. 1995இன் பெரும் இடப்பெயர்வில் நயினாரும் குடிமகனும் ஒரே வீதியில் மூட்டையோடு நடந்தனர். புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் வளர்ந்தனர். அம்மொழியில் ‘நீ’ என்பதற்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் இன்று ஒரே சொல்தான். அத்தகைய பேரப்பிள்ளை அம்மம்மாவை ‘நீ’ என்று அழைத்தால் முதியோர் மனம் வருந்துகின்றனர். வருத்தம் இயல்பே. ஆனால் அந்தப் பிள்ளையின் ‘நீ’யில் இழிவுபடுத்தும் எண்ணம் அணுவளவும் இல்லை. நமது முன்னோர் தம்மிலும் மூத்த தொழிலாளியை விளித்த ‘நீ’யில் அது இருந்தது. இரண்டும் ஒலியால் ஒன்று, வரலாற்றால் வேறு.

‘நீர்’ என்னும் நடுச்சொல் தேய்ந்துவிடுமோ என்று தமிழ் கற்பிக்கும் எனக்கும் கவலையுண்டு. அது அழகிய சொல். சமமானோர் ஒருவரையொருவர் மதித்துப் பேச ஏற்றது. ஆனால் ஒரு சொல்லைக் காப்பதற்கு முன் அது யாருக்கு வழங்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதை அறிய வேண்டும். மரியாதைப் பன்மை இலக்கணம் விதித்ததன்று, வழக்கு தந்தது என்றார் தொல்காப்பியர். வழக்கு நம்முடையது. வகுப்பறையில் அதிபரை ‘நீங்கள்’ என்னும் மாணவன், அந்த வகுப்பறையைக் கூட்டும் தொழிலாளியை எச்சொல்லால் அழைக்கிறான்? அவனது தமிழுக்கு நாம் இடவேண்டிய புள்ளிகளில் ஒரு பங்கு அதற்குரியது.