பிராங்க்பர்ட் சமையலறை

ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகராட்சி கட்டிய குடியிருப்புகளுக்காக 1926-இல் வடிவமைக்கப்பட்ட சிறிய சமையலறை. வடிவமைத்தவர் வியன்னாவைச் சேர்ந்த மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி (1897–2000). ஆஸ்திரியாவில் கட்டடக்கலை படித்த முதல் பெண்களுள் ஒருவர் அவர். சுமார் 10,000 வீடுகளில் இது பொருத்தப்பட்டது. இன்று நம் ஊர் அடுக்குமாடிகளில் 'மாடுலர் கிச்சன்' என்று விற்பதற்கெல்லாம் முன்னோடி இதுதான் என்பார்கள்.

முதல் உலகப் போருக்குப் பிறகு நகரில் வீட்டுப் பஞ்சம். 1925-இல் நகரக் கட்டுமானப் பொறுப்பை ஏற்ற எர்ன்ஸ்ட் மாய், 'புதிய பிராங்க்பர்ட்' திட்டத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டினார். வாடகை கட்டுப்படியாக வேண்டுமானால் வீடு சிறுத்தாக வேண்டும். அதுவரை தொழிலாளர் குடும்பத்துக்குச் சமையலறைதான் வீடு. குளிர்காலத்தில் அடுப்பின் சூடு உள்ள அறை அது ஒன்றே என்பதால் சமையல், சாப்பாடு, குளியல், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அங்கேயே நடந்தன. சிலர் படுத்ததும் அங்கேதான். புதிய வீடுகளில் அடுப்பு ஒரு சிற்றறைக்குப் போனது; மற்றவை கூடத்துக்கு வந்தன.

சிற்றறை என்றால் சுமார் 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். வீட்டுவேலையை ஆலைவேலைபோல அளந்து ஆராய்ந்த அமெரிக்கர் கிறிஸ்டின் பிரெடரிக்கின் நூலை லிஹோட்ஸ்கி படித்திருந்தார். ரயிலின் உணவுப் பெட்டியில் இத்தனை பேருக்கு எப்படிச் சமைக்கிறார்கள் என்பதையும் பார்த்திருந்தார். எந்த வேலைக்கு அடுத்து எந்த வேலை என்று வரிசைப்படுத்தி, வீண்நடையைக் குறைப்பதே அவருடைய நோக்கம். ஜன்னலுக்குக் கீழே வேலைமேடை. அதன் முன் சுழலும் முக்காலி. உட்கார்ந்தபடியே காய் நறுக்கலாம். மேடையிலேயே பதித்த தட்டில் தோலைத் தள்ளிவிட்டால் போதும். சுவரிலிருந்து இறங்கும் இஸ்திரிப் பலகை, தண்டவாளத்தில் நகரும் விளக்கு. அரிசி, ரவை, சர்க்கரை என்று பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகளுக்குக் கைப்பிடியும் மூக்கும் உண்டு. அப்படியே உருவிப் பாத்திரத்தில் சாய்த்துக் கொட்டலாம். மாவுக்கு மட்டும் ஓக் மரப் பெட்டி, வண்டு வராது என்பதால். அலமாரிகளுக்கு நீல வண்ணம் பூசியதற்கும் ஒரு காரணம் சொன்னார்கள்: அந்த நிறத்தில் ஈ உட்காராதாம்.

கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே தள்ளுகதவு. அடுப்பிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு 3 மீட்டருக்குள்தான் தூரம். சமைத்துக்கொண்டே அம்மா பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளலாம். மிச்சமாகும் நேரத்தில் பெண்கள் வேலைக்குப் போகலாம், படிக்கலாம், ஓய்வெடுக்கலாம் என்பது லிஹோட்ஸ்கியின் கணக்கு.

நடந்தது வேறு. குடிவந்தவர்களில் சிலர் பழக்கம் விடாமல் சாப்பாட்டு மேசையை உள்ளே நுழைக்கப் பார்த்தார்கள், இடம் ஏது? இழுப்பறைகளில் பொறித்த பெயர் ஒன்று, வீட்டில் புழங்கிய சாமான் ஒன்று. தாழ்வாக இருந்தவை குழந்தைகளின் கைக்கும் எட்டின. இதைவிடப் பெரியது அறையின் அகலம் கொண்டுவந்த மாற்றம். ஒருவர் நின்றால் இன்னொருவர் கூடமாட வேலை செய்ய வழியில்லை. முன்பு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த குடும்பம் சுவருக்கு அப்பால் போக, சமைப்பவள் தனியானாள். 1970-களில் பெண்ணியவாதிகள் இதைக் கடுமையாகச் சாடினார்கள். குற்றச்சாட்டு நியாயமானதே, ஆனால் முழுப் பழியையும் லிஹோட்ஸ்கி மேல் போடுவது சரியல்ல: சமையல் பெண்ணின் வேலை என்று அந்த அறை பிறப்பதற்கு முன்பே முடிவாகியிருந்தது. பெண் என்பதால் அடுப்பங்கரை அனுபவத்திலிருந்து வரைந்தார் என்று பலர் எழுதினார்கள். அதற்கு முன் தாம் சமைத்ததே இல்லை, கட்டடக் கலைஞராகத்தான் அந்தக் கணக்கைப் போட்டேன் என்று முதுமையில் அவரே சொல்லிவிட்டார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய புதுப்பிப்புகளில் பல சமையலறைகள் பெயர்க்கப்பட்டன. பிராங்க்பர்ட்டின் ரோமர்ஷ்டாட் குடியிருப்பில் எர்ன்ஸ்ட் மாய் இல்லம் என்ற காட்சி வீட்டில் ஒன்றைப் பார்க்கலாம். கின்ஹைம் பகுதியிலிருந்து எடுத்த மற்றொன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தொகுப்பில் இருக்கிறது.