பலெர்மோவின் பெயரும் சென்னையின் மணலும்

விடுமுறைக்குத் தாயகம் சென்று திரும்பும் நம் பிள்ளைகள் சென்னையைப் பற்றிப் பேசும்போது முதலில் குறிப்பிடுவது மெரினா கடற்கரையையே. ‘மெரினா’ என்பது தமிழ்ச் சொல்லா என்று அவர்கள் வினவினால் நம்மில் எத்தனை பேர் விடை கூற இயலும்? அதன் வரலாறு நம்மை மத்தியதரைக் கடலில் உள்ள ஒரு தீவுக்கு அழைத்துச் செல்கின்றது.

சிசிலித் தீவின் தலைநகரம் பலெர்மோ. அங்கே 1582-ஆம் ஆண்டில், ஸ்பானிய மன்னரின் பிரதிநிதியாக ஆண்ட மார்க்கந்தோனியோ கொலோன்னா, நகர மதிலுக்கும் கடலுக்கும் இடையே அகன்ற உலாச்சாலை ஒன்றை அமைத்தார். மாலை வேளைகளில் செல்வர்கள் குதிரை வண்டிகளில் அங்கே உலாவினர். நகர மக்கள் அக்கடற்கரையை ‘மரீனா’ என வழங்கினர். அச்சொல்லுக்குக் கடலைச் சார்ந்தது என்பது பொருள்.

மூன்று நூற்றாண்டுகள் கழிந்தன. 1881-இல் சென்னை மாகாணத்தின் கவர்னராகப் பொறுப்பேற்ற கிராண்ட் டஃப், கோட்டைக்குத் தெற்கே கடலோரமாக உலாச்சாலை ஒன்றை அமைக்கச் செய்தார். தாம் முன்பு கண்ட சிசிலியை நினைவுகூர்ந்து 1884-இல் அதற்கு ‘மரீனா’ என்று பெயரிட்டார். பிற்காலத்தில் அவருடன் அங்கே நடந்த இத்தாலியத் தளபதி ஒருவர், பலெர்மோவில் இருப்பதுபோலவே தோன்றுகிறது என்று வியந்தாராம்.

சாலையைக் கவர்னர் அமைத்தார். மணற்பரப்பை அமைத்ததோ கடல். 1870-களில் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் கற்சுவர்கள் எழுப்பப்பட்டன. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணல், அச்சுவர்களால் தடுக்கப்பட்டுத் தென்புறத்தில் குவிந்தது. ஒடுங்கிக் கிடந்த கரை அகன்று விரிந்தது. ஆனால் துறைமுகத்திற்கு வடக்கே, வந்து சேர வேண்டிய மணல் வாராமையால், இராயபுரம் பக்கத்துக் கரையைக் கடல் அரித்தது. ஒரு சாராரின் எழிலுக்கு மற்றொரு சாரார் விலை கொடுத்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

அவ்வாறு விரிந்த மணலைத் தமக்குரியதாக ஆக்கிக்கொண்டவர்கள் பொதுமக்களே. விடுதலைப் போராட்டக் காலத்தில் திருவல்லிக்கேணிக் கடற்கரை மாபெரும் பொதுக்கூட்ட அரங்காக விளங்கிற்று. மீனவர் குலத்தில் தோன்றிய சிங்காரவேலர் 1923-இல் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய இடங்களுள் அதுவும் ஒன்று. தேவிபிரசாத் ராய் சௌதுரி வடித்த உழைப்பாளர் சிலை 1959-இல் அங்கே நிறுவப்பெற்றது. 1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வள்ளுவர், ஔவை, கம்பர் முதலியோரின் சிலைகள் எழுந்தன. அவ்வரிசையில் இத்தாலியில் பிறந்து தமிழுக்குத் தொண்டாற்றிய வீரமாமுனிவரும் நிற்கின்றார். பெயர் வந்த நாட்டிலிருந்தே ஒரு புலவரும் வந்தார் என்பது எத்துணைப் பொருத்தம்!

ஆயினும் கவர்னர் வருவதற்கு முன்னரே அக்கரையில் கட்டுமரம் வலித்தோர் உண்டு. மீனவர் குப்பங்கள் உலாச்சாலையினும் பழமையானவை. 1985-இல் கடற்கரையை அழகுபடுத்துவதற்காக அவர்களுடைய மரங்களையும் வலைகளையும் அகற்ற முற்பட்டபோது கிளர்ச்சி மூண்டது; துப்பாக்கிச் சூட்டில் மீனவர் உயிரிழந்தனர். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோதும் கடலை அடுத்து வாழ்ந்த குப்பங்களே பெருந்துயர் எய்தின. உலாவ வருவோர்க்கு அக்கரை காட்சி, அவர்கட்கோ வாழ்வு. அழகின் பெயரால் அவர்களை அப்புறப்படுத்தினால் எஞ்சுவது வெறும் மணலும் ஓர் அயற்பெயருமே அன்றோ?

கல்யாணில் வாழும் நமக்கு இவ்வரலாறு அயலானதன்று. நம் ஊரும் உல்லாஸ் நதியின் கழியை ஒட்டிய பண்டைத் துறைமுகமே. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடல்வழி நூல் இதனைக் ‘கல்லியேனா’ எனக் குறிக்கின்றது. அதே நூல் தமிழகத்துத் துறைமுகங்களையும் பெயர் சொல்லிப் பேசுகின்றது. துறைமுகம் என்பதே வந்தோரை ஏற்கும் வாயில். இரயில் ஏறிப் பிழைப்புத் தேடி வந்த நம் முன்னோரையும் இவ்வூர் அவ்வாறே ஏற்றது.

பெயரிட்டவருக்கு மட்டுமே ஓர் இடம் உரியதாகிவிடாது. அங்கே உழைத்து வாழ்வோர்க்கே அது உரியது. இவ்வுண்மையைச் சென்னைக் கடற்கரை மீனவர் பொருட்டும், கல்யாணின் கழிக்கரையில் நமக்கு முன்னரே குடியிருந்த மக்கள் பொருட்டும் நாம் உணர்தல் வேண்டும். அடுத்த முறை மெரினாவுக்குச் செல்லும்போது சிலைகளோடு படகுகளையும் நம் மக்களுக்குக் காட்டுவோமாக.