திரையிற் குறை காணுதல்

பொருளைச் சோதித்து வாங்குதல் நம்மவர் பழக்கம். தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பர். பாத்திரத்தைத் தட்டிப் பார்ப்பர். புடைவையை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பர். தேக்காவிற்குச் செல்வோர் இக்காட்சிகளை இன்றும் காணலாம். ஆனால் பல நூறு வெள்ளி கொடுத்து வாங்கும் தொலைக்காட்சித் திரையையும் கணினித் திரையையும் நம்மில் எத்துணைப் பேர் இவ்வாறு சோதிக்கின்றோம்? திரையிற் குறை காணும் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை அறிந்தவர்க்கு வழியும் புலப்படும்.

குழாய்த் திரைக் காலம்

சிங்கப்பூரில் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் தொடங்கிற்று. அதனைத் தொடங்கி வைத்தவர் அந்நாளைய பண்பாட்டு அமைச்சர் எஸ். இராசரத்தினம், யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர். அக்காலத் திரை ஒரு கண்ணாடிக் குழாய். அதன் பின்புறமிருந்து பாயும் மின்னணுக் கற்றை, உழவன் சால் ஓட்டுவதுபோல், வரி வரியாக ஓடிப் படத்தை எழுதும். வரிகள் 625.

இத்திரையில் பழுது நேர்ந்தால் அது படம் முழுவதிலும் தெரியும். வட்டம் முட்டை வடிவாகும், நேர்கோடு வளையும். ஆகவே, நிகழ்ச்சி இல்லாத வேளைகளில் சோதனைப் படம் ஒன்றைக் காட்டும் வழக்கம் உலகத் தொலைக்காட்சி நிலையங்களில் நிலவிற்று. அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1939இலேயே அத்தகைய படம் ஒன்றை உருவாக்கியது. வட்டம் திரையின் வடிவத்தைச் சோதிக்கும். நெருங்கிய கோடுகள் கூர்மையைச் சோதிக்கும். கறுப்பிலிருந்து வெள்ளை வரை செல்லும் படிகள் ஒளியளவைச் சோதிக்கும். 1974இல் சிங்கப்பூருக்கு வண்ண ஒளிபரப்பு வந்தபின், செம்மை, பச்சை, நீலம் ஆகிய மூன்று கற்றைகளும் உரிய இடத்தில் விழுகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டியதாயிற்று.

இங்கு ஒன்று கருதத்தக்கது. குறை காணும் அளவுகோலை அந்நாளில் நிலையமே வீடு தேடி அனுப்பி வந்தது. இன்று அது வாங்குவோர் தலையில் விழுந்துவிட்டது.

திரவப் படிகம்

1888இல் ஆஸ்திரிய நாட்டுத் தாவரவியலார் ரைனிட்சர், திண்மத்திற்கும் நீர்மத்திற்கும் இடைப்பட்ட நிலையில் நிற்கும் ஒரு பொருளைக் கண்டார். அதுவே திரவப் படிகம். எண்பது ஆண்டுகள் கழித்து, 1968இல், ஆர்.சி.ஏ.வில் ஹைல்மையர் குழுவினர் அதனைக் கொண்டு காட்சித் திரை செய்து காட்டினர். இத்துறையில் நம்மவர் பங்கும் உண்டு. சர் சி.வி. இராமனின் மருமகனார் எஸ். சந்திரசேகர், 1977இல் பெங்களூரில் தம் குழுவினருடன், வட்டத் தட்டு வடிவான மூலக்கூறுகளும் திரவப் படிகமாக அமையும் எனக் கண்டறிந்தார். பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கும் படம் தெளிவாகத் தெரியத் திரைமீது ஒட்டும் படலங்களுக்குப் பின்னாளில் இவ்வகை மூலக்கூறுகள் பயன்பட்டன.

இத்திரையின் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரியும். முன்னே நிற்கும் திரவப் படிகம் அவ்வொளியை விடுவதும் மறைப்பதுமாகிய கதவு. 1920க்கு 1080 என்னும் அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொன்றிலும் மூன்று நிறக் கூறுகள். ஆக 62 இலட்சத்துக்கு மேற்பட்ட கதவுகள். ஒரு கதவு திறந்தே நின்றுவிட்டால் அணையாத புள்ளி. மூடியே நின்றுவிட்டால் கறுத்த புள்ளி. பின்விளக்கின் ஒளி ஓரங்களில் கசிதலும், திட்டுத்திட்டாய்ப் பரவுதலும் வேறு வகைக் குறைகள்.

எத்தனை குறை குறையாகும்?

குறையே இல்லாத திரையை மட்டும் விற்பதென்றால் விலை ஏறும் என்பது உற்பத்தியாளர் வாதம். 2001இல் வெளிவந்த அனைத்துலகத் தர விதி ஒன்று திரைகளை நான்கு வகுப்புகளாகப் பிரித்தது. முதல் வகுப்பில் ஒரு குறையும் கூடாது. இரண்டாம் வகுப்பில் பத்து இலட்சம் புள்ளிகளுக்கு, அணையாத புள்ளி இரண்டு, கறுத்த புள்ளி இரண்டு, நிறக் கூறு பழுதானவை ஐந்து என இடங்கொடுக்கப்பட்டது. 2008இல் புதிய விதிகள் அதன் இடத்தைப் பெற்றன. நமக்குக் குறையாகத் தெரிவது அவர்கள் கணக்கில் குறையாகாமல் போகலாம் என்பதே இதன் பொருள்.

எங்கள் தோட்டப் பள்ளியில் இதனை நேரில் உணர்ந்தேன். வகுப்பறைத் திரையில் அடுத்தடுத்த சில புள்ளிகள் ஒருசேரக் கறுத்திருந்தன. அவ்விடத்தில் 'பல மரங்கள்' என்னும் தொடர் வந்தபோது, கரும்புள்ளி லகரத்தின் தலையில் அமர்ந்தது. மாணவி 'பல் மரங்கள்' என்று படித்தாள். பிழை அவளுடையதன்று. ஏட்டுச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமையால் நம் முன்னோர் இடர்ப்பட்டனர். நமக்கோ இடாத புள்ளியால் இடர். விற்றவரைக் கேட்டபோது, அனுமதித்த எண்ணிக்கைக்குள் அடங்கும் என்றார். வாங்கிய அன்றே பார்த்துக் கேளாதது என் குற்றம்.

வாங்குவோர் கடமை

தேக்காவிற்கு அருகில் சுங்கை ரோடு பழம்பொருட் சந்தை 2017 ஜூலை 10ஆம் நாள் வரை நடைபெற்றது. அங்கே கண்ணே காப்பு. வேறு உறுதிச்சீட்டு இல்லை. கடைகளில் வாங்குவோர்க்கு இன்று சட்டத்தின் துணை உண்டு. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நாள் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, பொருளைப் பெற்ற ஆறு மாதங்களுக்குள் வெளிப்படும் குறை, பெற்றபோதே இருந்ததாகப் பொதுவாகக் கருதப்படும். ஆயினும் எது குறை என்பதில் வழக்கு எழலாம். எனவே, எத்தனை புள்ளி பழுதானால் மாற்றித் தருவார்கள் என்பதைப் பணம் கொடுக்குமுன் கேட்டு எழுத்தில் பெறுதல் நன்று.

சோதனையோ எளிது. திரையைத் துடைத்து, ஒரே நிறத்தால் நிரப்ப வேண்டும். வெள்ளையில் கறுத்த புள்ளி தெரியும். கறுப்பில் அணையாத புள்ளி தெரியும். செம்மை, பச்சை, நீலத்தில் நிறக் கூறுகளின் பழுது தெரியும். சாம்பல் நிறத்தில் திட்டுகள் தெரியும். அறை விளக்கை அணைத்துக் கறுப்புத் திரையை நோக்கினால் ஓரத்து ஒளிக்கசிவும் புலனாகும். இவ்வளவும் ஐந்து நிமிட வேலை.

தேங்காயை ஆட்டிப் பார்க்கும் கை, திரைமுன் கூசி நிற்க வேண்டுவதில்லை. பள்ளிக்குத் திரை வாங்கும் ஆசிரியர்கள் மாணவரையும் உடன் வைத்துக்கொண்டு இச்சோதனையைச் செய்வார்களாக. குழந்தைகளின் கண் நம் கண்ணினும் கூரியது.