எஃகு ஆலைக் கிடங்குகளில் தானியக்கம்: ஒரு வரலாறு

எஃகு ஆலை என்றதும் கொதிக்கும் உலைதான் மனக்கண்ணில் தோன்றும். ஆனால் ஆலையின் உழைப்பில் பெரும்பகுதி, கனமான பொருளை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைப்பதிலேயே செலவாகிறது. தாதுவும் கற்கரியும் சுண்ணாம்புக்கல்லும் உள்ளே வர வேண்டும். தகடும் தண்டவாளமும் வெளியே போக வேண்டும். இடையில் எல்லாவற்றையும் எங்கேனும் அடுக்கி வைத்தாக வேண்டும். இந்த வேலை மனிதத் தோள்களிலிருந்து இயந்திரத்துக்கும், பிறகு கணினிக்கும் கைமாறியது.

தள்ளுவண்டியும் பாரந்தூக்கியும்

19ஆம் நூற்றாண்டின் ஆலைகளில் தொழிலாளர்கள் தாதுவை மண்வாரியால் அள்ளித் தள்ளுவண்டியில் நிரப்புவார்கள். வண்டி ஊதுலையின் உச்சிக்குத் தூக்கப்படும். அங்கு நிற்பவர்கள் அதை உலை வாயில் கவிழ்ப்பார்கள். உலையிலிருந்து கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உச்சியில் நின்றவர் மயங்கிய பிறகுதான் அது கசிந்ததே தெரியும். 1890களின் நடுப்பகுதியில், பிட்ஸ்பர்க் அருகே கார்னெகி நிறுவனத்தின் டூக்கேன் ஆலையில் இம்முறை மாறியது. தாதுத் தொட்டிகளின் அடியில் கலங்கள் நிரம்பின. சாய்வுப் பாதையில் ஏறி உலை உச்சியில் கொட்டின. உச்சியில் ஆள் நிற்கத் தேவையில்லாமல் போயிற்று. அந்த ஆட்களுக்கு வேறு வேலை கிடைத்ததா என்பதை உற்பத்திக் கணக்குகள் சொல்வதில்லை.

ஆலைக்குள் மின் பாரந்தூக்கிகளும், இரும்பைக் கவ்வித் தூக்கும் மின்காந்தங்களும் பரவின. வேகம் கூடியது, ஆபத்து குறையவில்லை. கிரிஸ்டல் ஈஸ்ட்மன் என்ற பெண் வழக்கறிஞர் பிட்ஸ்பர்க் அமைந்துள்ள அலெகெனி மாவட்டத்தில் 1906 சூலை முதல் ஓராண்டில் நடந்த வேலை விபத்துகளை ஆராய்ந்தார். 526 பேர் இறந்திருந்தனர். அவர்களில் 195 பேர் எஃகுத் தொழிலாளர்கள். உருகிய உலோகத்தால் மட்டும் அவர்கள் சாகவில்லை. பாரந்தூக்கியிலிருந்து விழுந்த சுமையும், அடுக்கும்போது சரிந்த இரும்பும் பலரைக் கொன்றன. 1910இல் நூலாக வெளிவந்த இவ்வாய்வு, எஃகுத் தொழிலின் வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள் தவறவிடக் கூடாத ஒன்று.

சுருள்களின் சிக்கல்

அகன்ற தகட்டைத் தொடர்ச்சியாக உருட்டிச் சுருளாகச் சுற்றும் முறை வந்தபின் கிடங்கின் சிக்கலும் மாறியது. ஒரு சுருள் 20 முதல் 30 டன் வரை இருக்கும். வெந்நிலையில் உருட்டிய சுருள் ஆறுவதற்கே சில நாட்கள் ஆகும். அதுவரை தரையில் வரிசையாக வைத்து, இரண்டு சுருள்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் மூன்றாவதை ஏற்றுவார்கள். அடியில் உள்ளது முதலில் தேவைப்பட்டால் மேலே இருப்பதை நகர்த்தத்தான் வேண்டும். எந்தச் சுருள் எங்கே என்பதை ஏட்டிலும் நினைவிலும் வைத்திருந்த காலத்தில், தவறான சுருள் லாரியில் ஏறுவது எளிதாகவே நிகழக்கூடியது.

கணினி முதலில் இந்த ஏட்டின் இடத்தைப் பிடித்தது. பிறகு லேசர் கதிரால் தூரம் அளந்து, லாரி நிற்கும் இடத்தை வருடி அறிந்து, சுமை ஊசலாடாமல் இறக்கும் ஓட்டுநரில்லாப் பாரந்தூக்கிகள் வந்தன.

உயர் அடுக்குக் கிடங்கு

இதற்கு இணையாக வேறொரு வழியும் வளர்ந்தது. 1962இல் செருமனியின் கூட்டர்சுலோ நகரில் பெர்டெல்சுமன் பதிப்பகத்துக்காக டெமாக் நிறுவனம் உயர் அடுக்குக் கிடங்கு ஒன்றை அமைத்தது. உயரமான சட்டங்களுக்கு இடையே ஓடும் இயந்திரம் நூல்களை எடுத்து வைத்தது. நூல் இலேசானது, சுருளோ யானையைவிடப் பல மடங்கு கனமானது. ஆனாலும் அதே கருத்தைச் செருமனியின் எஸ்.எம்.எஸ். குழுமம் 50 டன் வரையிலான உலோகச் சுருள்களுக்குப் பொருத்தியது. ஒவ்வொரு சுருளுக்கும் தனி அறை இருந்ததால் ஒன்றை எடுக்க மற்றொன்றை அசைக்க வேண்டியதில்லை.

இந்த நுட்பம் அண்மையில் ஆலையை விட்டும் வெளியேறியுள்ளது. 2018இல் துபாயின் டி.பி. வேர்ல்டு நிறுவனமும் எஸ்.எம்.எஸ். குழுமமும் கூட்டாக அறிவித்த ‘பாக்ஸ்பே’ திட்டம், கப்பல் சரக்குப் பெட்டகங்களை 11 அடுக்குவரை சட்டங்களில் வைக்கிறது. இதன் முன்னோட்ட நிலையம் செபல் அலி துறைமுகத்தில் கட்டப்பட்டது.